பச்சைத் தூளில் யாருடைய இரும்பு

“கண்ணுக்கே தெரியாத தூளுன்னு சொல்ற. அதுக்குச் சம்பளம் மட்டும் கண்ணுக்குத் தெரியுமா?”

என் தாய்மாமன் கேட்டார். ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது என்று சொல்ல நான் ஓடி வந்த சாயங்காலம் அது. அவர் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்து எங்கள் வீட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“தெரியும் மாமா. அதுக்குன்னு பெரிய மைக்ராஸ்கோப்பு இருக்குது” என்றேன்.

“அப்ப மொத மாசம் அத எனக்கொண்ணு வாங்கிக் குடு. உன் சம்பளத்தப் பார்க்கத் தேவைப்படும்.”

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பத்தாவதைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். எம்.எஸ்ஸி. வரை படித்ததே அவர்களுக்கு அளவுக்கு மீறினதாகப் பட்டது. அதற்கு மேலும் ஒரு படிப்பு இருக்கிறது, அதில் பாடமே கிடையாது, யாருக்கும் தெரியாத ஒன்றை நாமே கண்டுபிடிக்க வேண்டும் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? “யாருக்கும் தெரியாதுன்னா நீ செஞ்சது சரின்னு யாரு மார்க்கு போடுவாங்க?” என்று அப்பா மட்டும் கேட்டார். அது கேலியில்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

விருத்தாசலத்தில் எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் பீங்கான் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள் தெரியும். அப்பா அங்கே ஒரு யூனிட்டில் சூளைக்குள் சரக்கு அடுக்குகிறவர். அம்மா அதே யூனிட்டில் அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைக் கோப்பைகளின் விளிம்பை ஈரப் பஞ்சால் துடைக்கிறவள். பள்ளி லீவு நாட்களில் நானும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து துடைத்திருக்கிறேன். அங்கே கரைத்த களிமண் கூழை அச்சில் ஊற்றுவதற்கு முன் வரிசையாக வைத்த காந்தங்களின் மேல் ஓடவிடுவார்கள். கூழில் இருக்கும் துளித்துளி இரும்பைக் காந்தம் பிடித்துக்கொள்ளும். பிடிக்காமல் விட்டால், சுட்டு எடுக்கும்போது வெள்ளைக் கோப்பையில் கறுப்புப் புள்ளி விழும். புள்ளி விழுந்ததைக் கடைக்கு அனுப்ப முடியாது. எங்கள் வீட்டில் நாங்கள் டீ குடிப்பதெல்லாம் புள்ளி விழுந்த கோப்பையில்தான்.

நான் சேர்ந்த கல்லூரிக்கு பஸ்ஸில் போய்வர வேண்டும். ஊர்ப் பெயர் வேண்டாம். என் வழிகாட்டிப் பேராசிரியர் முதல் நாளே கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். துத்தநாக ஆக்சைடு என்பது வெள்ளை மாவு. முகப் பவுடரிலும் களிம்பிலும் போடுவது. காந்தம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆனால் அதில் அங்கங்கே துத்தநாக அணுவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கோபால்ட் அணுவை உட்கார வைத்தால், சாதாரண அறைச் சூட்டிலேயே அது காந்தமாகும் என்று உலகத்தில் பல பேர் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆகாது என்று எழுதியவர்களும் இருந்தார்கள். ஆகிவிட்டால் அது புதுவிதக் கம்ப்யூட்டருக்கு வழி. சார் கண்ணில் அந்த வெளிச்சம் இருந்தது. எனக்கும் தொற்றிக்கொண்டது.

லேபில் எனக்கு முன்னால் சேர்ந்த ஒரு அக்கா இருந்தார். ஆய்வை முடிக்கும் கட்டத்தில் இருந்தார். எனக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தது அவர்தான். உப்புகளைத் தண்ணீரில் கரைப்பது, கலக்கிக்கொண்டே இருப்பது, படியும் கூழை வடிகட்டிக் காயவைப்பது, பிறகு உலையில் வைத்துச் சுடுவது. சுட்டு எடுத்தால் வெளிர் பச்சையில் ஒரு மாவு. முதல் தடவை அதைக் கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினேன்.

“யம்மாடி, பயத்தம் மாவாட்டம் இருக்குதே. தேய்ச்சிக் குளிக்கலாமா?” என்றாள் அம்மா.

“தேய்ச்சிக் குளிச்சா நேரா ஆஸ்பத்திரிதான்.”

“பின்ன எதுக்குடி ஆகும் இது?”

“இது காந்தமா ஆவுதான்னு பார்க்கறோம்.”

அடுத்த நாள் யூனிட்டில் பஞ்சு பிடிக்கிற எல்லோருக்கும் “எம்பொண்ணு மாவுல காந்தம் செய்யுது” என்று செய்தி போய்விட்டது.

சுட்ட மாவு கட்டிகட்டியாக இருக்கும். அதை நைஸாக்க லேபில் ஒரு ஜாடி இருந்தது. எஃகு ஜாடி, உள்ளே எஃகுக் குண்டுகள். மூடி முடுக்கி மெஷினில் மாட்டினால் கடகடவென்று மணிக்கணக்கில் சுற்றும். அக்கா அதை முதல் முதலாகத் திறந்து காட்டியபோது எனக்கு வித்தியாசமாக இருந்தது.

“இரும்புக் குண்டாக்கா? எங்க ஊர்ல அரைக்கிற டிரம்முக்குள்ள கூழாங்கல்லுதான் போடுவாங்க. இரும்ப உள்ள விடவே மாட்டாங்க.”

“உங்க ஊர்ல கப்பும் சாஸரும் செய்யறாங்கடி. இது ரிசர்ச்சு” என்று சிரித்துக்கொண்டே என் தலையில் தட்டினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. லேபில் ஊர்க்கதை பேசக்கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

காந்தத்தை அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. மாவைப் பொட்டலம் கட்டி வேறு ஊருக்கு அனுப்புவோம், அளந்ததைக் கோட்டுப் படமாகப் போட்டு அனுப்புவார்கள். முதல் படம் வந்த நாள் சார் அறையிலிருந்து ஓடியே வந்தார். காந்தம் இல்லையென்றால் நேர்க்கோடாக இருக்க வேண்டிய இடத்தில் சாய்ந்து வளைந்து, நடுவில் மெல்லிய இடைவெளியோடு ஒரு கண்ணி. காந்தம்தான். சார் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கித் தந்தார். “இந்தப் பொண்ணோட கை ராசி” என்று துறையில் இருந்த மற்ற வாத்தியார்களிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மாமாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். “நெசமாவா? ஆணி ஒட்டுமா?” என்றார். ஆணியெல்லாம் ஒட்டாது என்று சொன்னதும், “அப்ப அரைக் காந்தம்னு சொல்லு” என்றார்.

அதன் பிறகுதான் மின்வெட்டு ஆரம்பித்தது. ஒரு மாவை உலையில் வைத்தால் சூடு ஏறி நிற்க வேண்டும், நின்று இறங்க வேண்டும். நடுவில் கரண்ட் போனால் அந்த மாவு வீண். வாரக்கணக்கில் ஒரு சாம்பிளும் முடியவில்லை. சார் ஒரு நாள் என்னைப் பார்த்துச் சொன்னார்.

“உங்க ஊர்ல சூளைக்கா பஞ்சம்? அப்பாகிட்டக் கேளேன். மூடி போட்ட கிண்ணத்துல வெச்சு சுட்டுக்கிட்டு வந்துரு.”

எனக்கு அந்தப் பேச்சு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை எழுதிக் காட்ட முடியாது. அதுவரை நான் மறைத்து வைத்திருந்த ஊரை அவராகவே லேபுக்குள் கூப்பிட்டது போல இருந்தது. அப்பா முதலாளியிடம் கேட்டார். கோப்பையில் பூப்படம் ஒட்டியபிறகு இரண்டாவது தடவை சுடுகிற சின்னச் சூளை ஒன்று உண்டு. டீசலில் எரிவது, கரண்டை நம்பாதது. அதில் ஒரு மூலையில் என் வெள்ளைக் கிண்ணத்துக்கு இடம் கொடுத்தார்கள். அதன் மேல் இன்னொரு மூடி கவிழ்த்து, சுற்றிலும் கோப்பைகள் அடுக்கி, சாமி பொருளை வைப்பது போல அப்பா வைத்தார். மறுநாள் ஆறியதும் அதைத் துணியில் சுற்றி பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, மடியில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் போவேன்.

“இன்னாமா, இம்மாம் பத்திரமா? பிரியாணியா?” என்பார் கண்டக்டர்.

“இல்லண்ணே, மாவு.”

“மாவுக்கா இந்த மரியாதை!”

அப்படிச் சூளையில் சுட்ட மாவு பொலபொலவென்று வந்தது. கட்டியே இல்லை. அதனால் அரைக்கவில்லை. பிளாஸ்டிக் கரண்டியால் எடுத்துப் பொட்டலம் கட்டி அளக்க அனுப்பினேன். வந்த படம் நேர்க்கோடு. கண்ணியே இல்லை. அடுத்ததும் நேர்க்கோடு. அதே உப்பு, அதே அளவு, அதே நிறம். ஆனால் காந்தம் இல்லை.

சார் கவலைப்பட்டார். “சூளையில சூடு சரியில்ல போல” என்றார் அக்கா. எனக்குத் தூக்கம் கெட்டது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பத் திரும்ப யோசித்தேன். இரண்டு மாவுக்கும் என்ன வித்தியாசம்? சுட்ட இடம் ஒன்று. அரைத்தது, அரைக்காதது இன்னொன்று. எல்லோரும் முதலாவதையே பார்த்தோம். வளர்ந்த இடத்தில் எனக்குத் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான்: மாவில் காந்தத்தில் ஒட்டுகிற பொருள் இருந்தால், அது வெளியிலிருந்து வந்த அழுக்கு என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்.

கோபால்ட்டே போடாத வெறும் வெள்ளைத் துத்தநாக ஆக்சைடை எடுத்தேன். அதில் பாதியை எஃகு ஜாடியில் போட்டு, வழக்கமாக அரைக்கிற நேரம் அரைத்தேன். மீதிப் பாதியைத் தொடவில்லை. ஜாடியைச் சுற்றவிட்டபோது அக்கா பக்கத்தில்தான் இருந்தார். “வெறும் மாவ எதுக்குடி அரைக்கிற?” என்று கேட்டார். காரணம் சொன்னேன். தன் நோட்டை மூடி வைத்துவிட்டு, “பாரு, பாரு” என்றார்.

தொடாத பாதிக்கு நேர்க்கோடு வந்தது. அரைத்த பாதிக்குக் கண்ணி வந்தது. எங்கள் முதல் படத்தில் வந்த அதே மெல்லிய கண்ணி. கோபால்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. குண்டுகள் ஒன்றோடொன்று மோதித் தேய்ந்து விட்ட இரும்பு அது. மாவை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாலும் தெரியாத அளவு கொஞ்சம்.

படங்களைச் சார் மேஜையில் பரப்பி வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் பார்த்தார்.

“நல்லா கவனிச்சிருக்க” என்றார் கடைசியில். “இதுதாம்மா ஆராய்ச்சி. ஆனா இப்ப யார்கிட்டயும் சொல்லாத. நான் பாத்துக்கறேன்.”

அவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பினேன். முதல் படத்தை வைத்து ஏற்கெனவே ஆய்வுப் பத்திரிகைக்கு அனுப்பியிருந்த கட்டுரையைத் திரும்ப வாங்கிவிடுவார் என்று நினைத்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது பஸ் ஸ்டாண்டில் அம்மாவுக்கு மல்லிகைப்பூ வாங்கினேன். காந்தம் வந்த நாளைவிட அது இல்லை என்று கண்டுபிடித்த நாளில்தான் எனக்கு அதிகச் சந்தோஷம். அப்பா முன்பு கேட்ட கேள்விக்குப் பதிலும் கிடைத்துவிட்டது. யாரும் மார்க்கு போட வேண்டாம், மாவே சொல்லிவிடும் என்று அவரிடம் சொன்னேன். “அப்பிடியா” என்று தலையாட்டினார்.

கட்டுரை அச்சாகி வந்தது. அக்காவின் மேஜையில் கிடந்ததைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும். முதல் கண்ணிப் படம் அழகாக, பெரிதாக. கோபால்ட் கலந்ததால் காந்தம் என்று தலைப்பு. முதலில் என் பெயர்.

சாரிடம் ஓடினேன். “சார், இது நம்ம ஜாடியோட இரும்பு சார்.”

“முதல் பேரு உன்னோடது. எத்தனை பேருக்குக் கிடைக்கும்? உங்க வூட்ல காட்டு, சந்தோஷப்படுவாங்க.”

“இல்ல சார், தப்பு சார் இது.”

“எல்லாரும் இப்பிடித்தாம்மா எழுதறாங்க. அடுத்த கட்டுரையில திருத்திக்கலாம்.”

அந்தக் கட்டுரையை நான் வீட்டில் காட்டவில்லை. அம்மா கேட்டபோது இன்னும் வரவில்லை என்றேன். முதல் தடவையாக அச்சில் வந்த என் பெயரைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, பக்கத்து சீட்டில் இருப்பவர் பார்த்துவிடுவாரோ என்று பயந்தபடி பஸ்ஸில் வந்தேன்.

சில மாதம் கழித்து வடக்கே ஒரு ஆய்வகத்திலிருந்து சாருக்கும் துறைத் தலைவருக்கும் கடிதம் வந்தது. எழுதியவர் ஒரு பெண். நீங்கள் எழுதியபடியே பலமுறை செய்து பார்த்தோம், எங்களுக்குக் காந்தம் வரவில்லை, உங்கள் தூளில் கொஞ்சம் அனுப்ப முடியுமா என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். சார் அனுப்பவில்லை. அந்தப் பெண் மறுபடி எழுதினார். துறைத் தலைவர் விசாரிக்க மூத்த ஆசிரியர்கள் சிலரைக் கூட்டினார். சாரையும் அக்காவையும் என்னையும் வரச் சொன்னார்.

நான் நிம்மதியாகத்தான் அந்த அறைக்குப் போனேன். இப்போதாவது சொல்லிவிடலாம் என்றிருந்தது. சார் முதலில் பேசினார்.

“இவ பீங்கான் தொழிலாளி வூட்டுப் பொண்ணு. திறமைசாலிதான், நான் இல்லங்கல. ஆனா ஃபர்ஸ்ட் ஜெனரேஷன். லேப் ஒழுங்கு இவங்களுக்கு வர நாளாகும். நமக்குத் தெரியாம மாவ ஊருக்கு எடுத்துட்டுப் போயி கப்பு சுடுற சூளையில வெச்சிருக்கா. அழுக்கு அங்கதான் சேர்ந்திருக்கணும். எனக்கே பின்னாடிதான் தெரியும்.”

‘உங்க ஊர்ல சூளைக்கா பஞ்சம்’ என்று கேட்ட அதே வாய்.

“சார்தான் சூளையில சுடச் சொன்னாங்க” என்றேன். “அதோட, கட்டுரையில அச்சான சாம்பிள் சூளையைப் பார்த்ததே இல்ல. அது நம்ம லேப் உலையில சுட்டது, நம்ம ஜாடியில அரைச்சது. சூளையில சுட்டதுலதான் காந்தமே இல்ல. வெறும் மாவ ஜாடியில அரைச்சும் காட்டினேன். அக்கா பக்கத்துல இருந்தாங்க.”

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அவர் மேஜையின் மேல் இருந்த கண்ணாடித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வேட்டில் சார் கையெழுத்துப் போட வேண்டிய மாதம் அது.

“எனக்கு ஞாபகம் இல்லீங்க சார்” என்றார்.

சார் சொன்னதுகூடப் பிறகு ஆறியது. இது ஆறவில்லை. ஒரே டப்பாவில் புளிசாதம் தின்றவர்கள் நாங்கள். காய்ச்சலில் நான் பஸ் ஏற முடியாதபோது தன் ஹாஸ்டல் கட்டிலைக் கொடுத்தவர்.

வெளியே வராந்தாவில் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குரல் பழையபடி இதமாக இருந்தது. வெளியே சுட்டதால் மாவில் அழுக்கு சேர்ந்தது, அது என் கவனக்குறைவு என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். விஷயம் அதோடு முடிந்துவிடும். வேறு தலைப்பில் என் பட்டத்தை அவரே முடித்துத் தருவார்.

“ஒரு கையெழுத்துதாம்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். யோசிச்சு திங்கக்கிழமை வா.”

வீட்டில் சொன்னேன். அன்று மாமாவும் இருந்தார். அம்மா அழுதாள். “போட்டுட்டு வந்துரு பாப்பா. இம்மாம் வருஷம் படிச்சது வீணாப் போவக் கூடாது.”

நான் மாமாவின் கேலிக்குக் காத்திருந்தேன். அவர் கேலி செய்யவில்லை. அது இன்னும் வலித்தது. “பெரிய மனுஷங்க அப்பிடித்தான் இருப்பாங்க. நமக்குக் காரியம் ஆவணும்ல? போடு. யாரு படிக்கப் போறாங்க அத?” என்றார்.

அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். “சூளை அழுக்குன்னு எழுதணுமா?” என்று கேட்டார்.

“ஆமாம்ப்பா.”

“நா அடுக்கன சூளை.”

“ஆமாம்ப்பா.”

போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டார்.

எனக்குப் பட்டம் வேண்டும். இதை மறைக்க ஒன்றுமில்லை. பெயருக்கு முன்னால் ‘Dr’ என்கிற அந்த இரண்டெழுத்தைப் போட்டு ஒரு கல்யாணப் பத்திரிகையிலாவது பார்க்க வேண்டும் என்று அம்மாவுக்கு இருந்த ஆசை என்னுடையதும்தான். ஆனால் அந்தக் காகிதத்தில் எழுதச் சொன்னது பொய் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். நாளைக்கு இன்னொரு வீட்டிலிருந்து முதல் முதலாக ஒருத்தி வந்து அந்த லேபில் நிற்பாள். ‘இவங்களுக்கு நாளாகும்’ என்று சொல்ல அவருக்கு என் கையெழுத்தே சாட்சியாக இருக்கும்.

திங்கட்கிழமை போனேன். எழுதாத காகிதத்தைச் சார் மேஜையில் வைத்தேன். “யோசிச்சியா?” என்றார். “யோசிச்சேன் சார். போட மாட்டேன்” என்றேன். “அப்ப நான் ஒண்ணும் செய்யறதுக்கில்ல” என்றார். அங்கிருந்து நேராக அலுவலகத்துக்குப் போய் வழிகாட்டியை மாற்றக் கேட்டு விண்ணப்பம் கொடுத்தேன். கிளார்க் அதை மேலும் கீழும் பார்த்தார். “யாரும்மா எடுப்பாங்க உன்னை?” என்றார். தெரியாது என்றேன். இதை எழுதுகிற இன்றைக்கும் தெரியாது.

ஆனால் அளக்க அனுப்பியது போக என் பங்கு மாவு என்னிடம் இருக்கிறது. வடக்கிலிருந்து அந்த அம்மா கேட்டது அதைத்தானே. துறைக்கு வந்த கடிதத்தில் அவருடைய முகவரி இருந்தது. நான்கு சின்னப் பிளாஸ்டிக் புட்டிகள். கட்டுரையில் அச்சான பச்சை மாவு. சூளையில் சுட்ட பச்சை. அரைத்த வெள்ளை. அரைக்காத வெள்ளை. ஒவ்வொன்றையும் எங்கே சுட்டேன், எதில் அரைத்தேன், யார் சொல்லிச் செய்தேன் என்று விவரமாக எழுதினேன். எங்கள் கட்டுரை தப்பு, முதல் பெயர்க்காரி சொல்கிறேன் என்று எழுதினேன். இங்கிலீஷ் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல யாரும் இல்லை. நானே நாலு தடவை படித்துக்கொண்டேன்.

விருத்தாசலம் தபால் ஆபீஸில் கவுன்ட்டரில் இருந்தவர் பார்சலைக் குலுக்கினார்.

“உள்ள இன்னா?”

“துத்தநாக ஆக்சைடுங்க. பீங்கானுக்கு மெருகு போடுறப்ப கலப்பாங்களே, அதான்.”

“சாம்பிளா? எந்த யூனிட்டு?”

“யூனிட்டு இல்லீங்க. என்னோடது.”

அவர் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். ரெஜிஸ்டர் செய்த ரசீதை வாங்கிக்கொண்டு வந்தேன். போன வெள்ளிக்கிழமை அது இங்கிருந்து புறப்பட்டுவிட்டது.